திங்கட்கிழமைத் தபால்

எனக்குக் கீழே ஒன்பது பேர்.
கீழே என்பது சுவரில் மாட்டிய வரைபடத்தில்.
மற்றபடி எல்லோருக்கும் ஒரே கம்பளம்,
டுலூத், கவுண்டி அலுவலகம், மூன்றாம் தளம்.
மார்ச் பிறந்தும் சன்னலுக்கு வெளியே
ஏரி அசையவில்லை.

மருத்துவ உதவி கேட்டு வரும் கோரிக்கைகள்
ஆளுக்கு நாளொன்றுக்கு நாற்பத்திரண்டு.
ஒரு பல். ஒரு சக்கர நாற்காலி. இரட்டைப் பிரசவம்.
இன்சுலின். மறுபடி ஒரு பல்.
அவற்றைப் பார்ப்பது என் வேலையல்ல,
பார்ப்பவர்களைப் பார்ப்பது.

டுவேன் மேசைக்கடியில்
தடைசெய்யப்பட்ட ஹீட்டர் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.
இப்படித்தான் ஓடுகிறது நிர்வாகம்.

தலைநகரிலிருந்து தணிக்கையாளர் ஒரு வரைபடம் அனுப்பினார்.
ஆர்லிஸ் நீமி, இருபத்திரண்டு வருட சர்வீஸ்:
வெள்ளிக்கிழமைகளில் நிராகரிப்பு, பூஜ்யம்.
திங்கட்கிழமைகளில் ஒரு கோபுரம்.
'காரணம் தெரிவிக்கவும்.'

கேட்டேன்.
ஸ்டேப்ளரில் பின் நிரப்பிக்கொண்டே சொன்னாள்:
"வெள்ளிக்கிழமை போட்டால் சனிக்கிழமை வீட்டில் விழும்.
திங்கள் எட்டு மணிவரை நம் போனை எடுக்க ஆளில்லை.
இரண்டு ராத்திரி அந்தக் கடிதத்தோடு
ஒரே வீட்டில் படுக்கணுமா அவங்க?"

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
பத்து நாளுக்குள் என்று இருந்தது.
கிழமை பற்றி ஒன்றுமில்லை.

'பணிப் பகிர்வு சார்ந்த தனிநபர் முறை' என்று பதில் எழுதினேன்.
அரசு மொழிக்கு ஒரு நல்ல குணம் உண்டு,
தலை முதல் கால் வரை ஓர் ஆளை மூடலாம்
அந்தப் போர்வையால்.

பிறகுதான் ஸ்டென்லுண்ட் கூப்பிட்டார்.
மேலதிகாரி வேண்டும் என்று கேட்டிருக்கிறார், அதனால் எனக்கு வந்தது.
கத்தவில்லை.
கத்துகிறவர்களுக்கு எங்களிடம் பயிற்சி உண்டு.
மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர், இடுப்பு போய்விட்டது.
"முடிவு எடுத்தது வெள்ளிக்கிழமை என்று போட்டிருக்கிறது.
உறைமேல் முத்திரை திங்கட்கிழமை.
திங்கள் காலையில் நான் ஸ்கேன் எடுத்துவிட்டேன்,
கிடைத்துவிடும் என்று கிளினிக்கில் சொன்னார்கள்.
கோபமில்லை அம்மா.
நடுவில் இருந்த இரண்டு நாள் எங்கே போனது, அது மட்டும் சொல்லுங்கள்."

தொள்ளாயிரத்து அறுபது டாலர்.

ஆர்லிஸை அறைக்குள் கூப்பிட்டேன், கதவைச் சாத்தினேன்,
சாத்தியதே தப்போ என்று பாதி திறந்து வைத்தேன்.
சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.
"எத்தனை?"
தொகையை மறுபடி சொன்னேன்.
"அதில்லை. எத்தனை வெள்ளிக்கிழமை."

இருபத்திரண்டை ஐம்பத்திரண்டால் பெருக்க
இரண்டு பேருக்குமே கால்குலேட்டர் தேவையில்லை.
ஒருவரும் விடையைச் சொல்லவில்லை.
வெளியே யாரோ காப்பி மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டென்லுண்டுக்கு மேல்முறையீட்டுப் படிவம் அனுப்பியிருக்கிறேன்.
எட்டுப் பக்கம். இன்னும் திரும்பி வரவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமையும் கடிதம் போகிறது.
போவதற்கு முன்னால் ஆர்லிஸ் போனை எடுக்கிறாள்.
"உங்களுக்கு நாளைக்கு ஒரு கவர் வரும்,
அதில் என்ன இருக்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன்.
பேனா இருக்கிறதா பக்கத்தில்?"
சிலர் வைத்துவிடுகிறார்கள்.
சிலர் பேனா தேடுவது எனக்கே கேட்கிறது, அவ்வளவு நேரம் மௌனம்.
ஓர் அழைப்புக்குப் பதினொரு நிமிடம்.

நாற்பத்திரண்டு என்பது முப்பத்தொன்று ஆகிவிட்டது.
தலைநகரம் அதற்கும் ஒரு வரைபடம் போடும்.

நாலரை மணி.
பக்கத்து மேசையில் இஃப்ரா,
சேர்ந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை,
தன் போனை எடுத்து எண்களை அழுத்துகிறாள்.
மெதுவாக, ஒவ்வொன்றாக.

நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.